கேஜ் கிளாஸில் தண்ணீர் அசைகிறதா?

பாய்லர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பிரஷர் கேஜைத்தான் முதலில் பார்க்கிறார்கள். முள் ஏறுகிறது, இறங்குகிறது, நடுவே சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. பயப்படுவதற்கு வசதியான கருவி அது. பிரஷர் எல்லை மீறினால் சேஃப்டி வால்வு திறந்து கூரை அதிரக் கத்திவிடும். தண்ணீர் குறையும்போது பாய்லர் சத்தமே போடாது. முள் இருந்த இடத்திலேயே இருக்கும், நீராவி வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும். அலாரம் இருக்கிறதே என்பீர்கள். அதற்கும் வருகிறேன்.

காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடைப்பட்ட மாங்கூழ் ஆலைகளில் சீசனுக்குச் சீசன் பாய்லர் பார்க்கிறேன். இரண்டாம் வகுப்பு அட்டெண்டன்ட் சான்றிதழ் இருக்கிறது. மே மாதம் பெங்களூரா காய் லாரிகளில் வந்து இறங்கத் தொடங்கினால் ஜூலை கடைசிவரை இரவு பகல் கிடையாது. மாங்காய் ஓய்ந்த மாதங்களில் தருமபுரிப் பக்கம் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் கூடங்களுக்கும், சில கல்யாண மண்டபச் சமையல் கூடங்களுக்கும் பாய்லர் பராமரிப்புக்குப் போவதுண்டு. எல்லாமே சிறிய பாய்லர்கள். ‘சின்ன பாய்லர்தானே’ என்ற பேச்சை இந்த இடங்களில் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பெரிய ஆலைகளில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கப் பல கருவிகளும் பல கண்களும் உண்டு. சிறிய பாய்லருக்கு இருப்பது தண்ணீர் மட்டத்தைக் காட்டும் ஒன்றிரண்டு கண்ணாடிக் குழாய்களும் (கேஜ் கிளாஸ் என்போம்) அவற்றின் முன்னால் நிற்கும் ஒருவரும்தான்.

சிறிய பாய்லரில் அவகாசமும் குறைவு. மணிக்கு 600 கிலோ நீராவி தரும் பாய்லர் முழுச் சுமையில் ஓடினால் நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. உள்ளே நீரின் மேற்பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு 38 லிட்டர் பிடிக்கும். பம்பு நின்றுபோனால் அந்த ஓர் அங்குலம் நான்கு நிமிடம்கூடத் தாங்காது. கேட்டில் லாரிக்காரரோடு எடைச் சீட்டு பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும். கண்ணாடியின் மொத்த நீளமே எவ்வளவு என்று உங்கள் பாய்லரில் ஒருமுறை அளந்து பாருங்கள். உங்களுக்கு இருக்கும் அவகாசம் தெரிந்துவிடும்.

கேஜ் கிளாஸ் பழுதாகும்போது பெரும்பாலும் ‘தண்ணீர் நிறைய இருக்கிறது’ என்றுதான் பொய் சொல்லும். இந்த ஒன்றை மட்டும் ஒருவர் மனத்தில் ஏற்றிக்கொண்டால்கூட இதை எழுதிய பயன் கிடைத்துவிடும். காரணம் எளிது. கண்ணாடிக் குழாயின் மேல்முனை பாய்லரின் நீராவிப் பகுதியோடும், கீழ்முனை தண்ணீர்ப் பகுதியோடும் இணைந்திருக்கிறது. கீழ்வழி உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், மேலிருந்து வரும் நீராவி கண்ணாடியில் குளிர்ந்து தண்ணீராகி, வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். மேல்வழி அடைத்துக்கொண்டாலோ, குழாயின் தலையில் இருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்க, பாய்லரின் அழுத்தம் கீழிருந்து தண்ணீரைத் தள்ளி ஏற்றிவிடும். எந்த வழி அடைத்தாலும் கண்ணாடி நிறைகிறது. பாய்லருக்குள் நெருப்பின் சூடு போகும் குழாய்கள் தண்ணீரின்றிக் காய்ந்துகொண்டிருக்கும்போது வெளியே கண்ணாடி நிறைந்து நிற்கும்.

அப்படி நிற்கும் தண்ணீரை ஓர் அடையாளத்தால் கண்டுபிடிக்கலாம். அது அசையாது. நெருப்பு எரிந்து நீராவி போய்க்கொண்டிருக்கும் பாய்லரில் மட்டம் எப்போதும் லேசாக மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருக்கும். கொதிக்கிற தண்ணீர் சும்மா இருக்காது. அசைவற்ற மட்டம் எவ்வளவு நல்ல உயரத்தில் இருந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓர் ஆலையில் சீசன் உச்சத்தில், நள்ளிரவு தாண்டிய ஷிஃப்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பர்கூர் பக்கத்துப் பையன், சுறுசுறுப்பானவர். நான் ஷிஃப்ட் மாற்ற உள்ளே போனபோது மகிழ்ச்சியாகச் சொன்னார்: “அண்ணே, இன்றைக்கு ஒரு தொல்லையும் இல்லை. தண்ணீர் முக்கால் கிளாஸுக்கு மேலேயே நிற்கிறது. டீ குடித்துவிட்டு வந்ததிலிருந்து பம்பு ஓடவே இல்லை.”

கூடத்தில் கூழைச் சூடாக்கும் கெட்டில்கள் எல்லாம் நீராவி இழுத்துக்கொண்டிருந்தன. டின்களை வேகவைக்கும் தொட்டியும் கொதித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நீராவி போகும்போது பம்பு ஓடாமல் மட்டம் மட்டும் எப்படி நிற்கும்? டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நீர்க்கோடு கொஞ்சமும் நடுங்கவில்லை.

“தம்பி, ஃபேனை நிறுத்து. விறகு போட வேண்டாம். பம்பு பட்டனில் கை வைக்காதே.”

“ஏன் அண்ணே? தண்ணீர்தான் இருக்கிறதே.”

அந்தப் பாய்லரில் இரண்டாவது கண்ணாடி ஒன்று இருந்தது. குழாய் முனையை இறுக்கும் கிளாண்டில் கசிகிறது என்று யாரோ அதன் காக்குகளை, அதாவது வழிகளைத் திறந்து மூடும் சிறு வால்வுகளை, மூடி, துணி சுற்றி வைத்திருந்தார்கள். துணியை அவிழ்த்து, வடிகால் காக்கைத் திறந்துவைத்துவிட்டு முதலில் மேல்காக்கை மெல்லத் திறந்தேன். கண்ணாடி சூடேறியதும் கீழ்க்காக், பிறகு வடிகாலை மூடினேன். கண்ணாடியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் துள்ளலைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன். மட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே குழாய்கள் மூழ்கியே இருக்கின்றன, ஆகவே பம்பைக் கையால் ஓட்டலாம் என்று முடிவு செய்தோம். இரண்டாவது கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் கதை வேறு.

பிறகு முதல் கண்ணாடியை ஊதிப் பார்த்தோம். கீழ்க்காக்கை மூடி வடிகாலைத் திறந்ததும் நீராவி சீறிக்கொண்டு வந்தது. மேல்வழி சுத்தம். மேல்காக்கை மூடிக் கீழ்க்காக்கைத் திறந்தபோது செம்மண் நிறத்தில் சில சொட்டுகள் வந்தன, அவ்வளவுதான். பாய்லர் ஆறி அழுத்தம் முழுவதும் போன பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், பென்சில் நுழையக்கூடிய துளை தீக்குச்சி நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. சுண்ணாம்பு வெள்ளையில் மாவுக்கல் போலப் படிவு. தண்ணீர் குறைந்தால் பம்பை ஓட்டவும் அலாரம் அடிக்கவும் வேண்டிய மோப்ரே மிதவையும் அதே குழாய்வழியிலிருந்துதான் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. ஒரே அடைப்பு கண்ணாடியையும் மிதவையையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறது. அலாரம் ஏன் அடிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் அதுதான்.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார்கள், பார்த்தார். கண்ணாடியைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சோதனை முறை இதுதான். கீழ்க்காக்கை மூடி வடிகாலைத் திறந்து ஐந்து விநாடி ஊதினால் நீராவி மட்டும் வேகமாக வர வேண்டும். பிறகு மேல்காக்கை மூடிக் கீழ்க்காக்கைத் திறந்து ஐந்து விநாடி. இப்போது தண்ணீர் வேகமாக வர வேண்டும். அதன்பின் வடிகாலை மூடினால், மேல்வழி மூடியிருப்பதால் தண்ணீர் விறுவிறுவென்று கண்ணாடியின் உச்சிவரை ஏற வேண்டும். கடைசியாக மேல்காக்கைத் திறந்ததும் அதே வேகத்தில் இறங்கி உண்மையான மட்டத்துக்கு வந்து துடிக்க வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் சோம்பலாக நடந்தால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முழு அடைப்பு ஒரே இரவில் வருவதில்லை. முன்பே இப்படி மந்தமாகித் தகவல் சொல்லும். ஷிஃப்டைக் கையேற்கும் முன் இரண்டு கண்ணாடிகளையும் ஊதிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். முந்தைய ஷிஃப்டுக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஊதும்போது முகத்தைக் கண்ணாடிக்கு நேரே வைக்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, கையுறை போட்டு, காக்குகளை மெதுவாகத் திருப்ப வேண்டும். காவல் கண்ணாடிக் கூடு கட்டாயம் இருக்க வேண்டும். ‘கூடு இருந்தால் மட்டம் சரியாகத் தெரியவில்லை’ என்று கழற்றிப் பரணில் வைத்திருக்கும் இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டைத் துடைக்கச் சோம்பல், அதுதான் விஷயம்.

முழுக்க நிறைந்த கண்ணாடிக் குழாயும் முழுக்கக் காலியான குழாயும் இரவு வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் நீர்க்கோடு இருக்காது, இரண்டும் தெளிவாக இருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. பென்சில் ஒன்றைச் சாய்வாகக் குழாய்க்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். குழாயில் தண்ணீர் இருந்தால் பென்சில் எதிர்ப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். தண்ணீர் நிறைந்த குழாய் லென்ஸாக வேலை செய்து இடவலம் மாற்றிக் காட்டுகிறது. காலியாக இருந்தால் சாய்வு மாறாது. சில பாய்லர்களில் கண்ணாடிக்குப் பின்னால் சாய்கோடுகள் போட்ட தகடு இருப்பது இதற்காகத்தான். அதை அலங்காரம் என்று நினைத்து அலுமினியப் பெயின்ட் அடித்துவிட்ட ஆலை ஒன்றை எனக்குத் தெரியும். பள்ளம் வெட்டிய தட்டைக் கண்ணாடி வைத்த ரிஃப்ளெக்ஸ் கேஜ் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. தண்ணீர் கறுப்பாகவும் நீராவி வெள்ளியாகவும் தெரியும்.

இனி, கண்ணாடி சரியாக இருந்தும் மட்டம் ஏமாற்றுகிற நேரம் ஒன்று உண்டு. மாங்கூழ் ஆலையில் இது அடிக்கடி நடக்கும். கெட்டில்களுக்கு ஒரே நேரத்தில் நீராவி திறந்தால் பாய்லரில் அழுத்தம் சட்டென்று விழும். 7 கிலோ அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 170 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அழுத்தம் குறைந்ததும் அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரேயடியாகக் குமிழியிட்டு, பால் பொங்குவதுபோல் மேலே எழும்பும். கண்ணாடியில் மட்டம் ஏறும். உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் அது கூடியதுபோல் தெரிகிறது. அதைப் பார்த்து அட்டெண்டன்ட் பம்பை நிறுத்திவிட்டால், கெட்டில்களை மூடியதும் குமிழிகள் அடங்கி மட்டம் ‘தொபக்’ என்று விழும்போது திகைத்து நிற்பார்.

இதற்குத் தீர்வு பாய்லர் அறையில் இல்லை, கூடத்தில் இருக்கிறது. கெட்டில் பார்க்கும் பெண்களிடம் பேசி, ஒவ்வொரு வால்வாக, மெதுவாகத் திறக்கச் சொன்னேன். “அதற்கெல்லாம் நேரம் இல்லை அண்ணா, கூழ் காத்துக்கொண்டிருக்கிறது” என்று முதலில் சிரித்தார்கள். திடீரென்று திறந்தால் தண்ணீரும் நீராவியோடு சேர்ந்து வந்து குழாயில் இடிக்கிறதே, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கியதும் புரிந்துகொண்டார்கள். அதிலிருந்து வால்வு திறக்கும் முன் ஒருவர் எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். சூப்பர்வைசர் போட்ட எந்த உத்தரவைவிடவும் அந்தக் குரல் உதவியாக இருக்கிறது.

பம்பு ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, ஆனால் தண்ணீர் போகவில்லை என்பது இன்னொரு வகை. கெட்டில்களில் நீராவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பி வரும் கண்டன்சேட் சூடாக இருக்கும். அதை பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் தொட்டியில் விடுவது விறகுச் செலவைக் குறைக்கும் நல்ல பழக்கம்தான். தொட்டி 90 டிகிரியை நெருங்கி, பம்பும் தொட்டியின் உயரத்துக்கே இருந்தால், உறிஞ்சும் இடத்தில் தண்ணீர் ஆவியாகி பம்பு வெறுமனே சுற்றும். ஆம்பியர் மீட்டர் முள் வழக்கத்தைவிடக் கீழே நிற்பதைப் பார்த்து இதைப் பிடித்துவிடலாம். தொட்டியைச் சில அடி உயர்த்திக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு முதலாளியைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமான வேலை.

கண்டன்சேட்டில் மாம்பழ வாசம் வருகிறதா என்றும் முகர்ந்து பாருங்கள். கெட்டிலில் விரிசல் இருந்து கூழ் கலந்துவிட்டால் பாய்லருக்குள் நுரை கட்டும். கண்ணாடியில் மட்டம் தறிகெட்டுக் குதிக்கும். எலெக்ட்ரோடு வைத்த கட்டுப்பாட்டுக் கருவி நுரையையும் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற எங்கள் இரு மாவட்டங்களின் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பாய்லருக்கு எதிரி அது இல்லை. கால்சியமும் மக்னீசியமும்தான் படிவாகிக் குழாயையும் கேஜ் வழிகளையும் அடைக்கின்றன. இவற்றை நீக்கும் சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரில் கடினத்தன்மைச் சோதனைச் சொட்டு விட்டால் நீலமாக வர வேண்டும். ஒயின் சிவப்பு வந்தால் உப்புக் கரைசல் விட்டு சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகளைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். சீசன் அவசரத்தில் சாஃப்ட்னரைத் தாண்டி போர்த் தண்ணீரை நேராகத் திறந்துவிடும் பைபாஸ் வால்வு ஒன்று எல்லா இடத்திலும் இருக்கிறது. அதற்குப் பூட்டு போட்டுச் சாவியை அலுவலகத்தில் வைக்கச் சொல்வேன்.

ஞாயிறு விடுமுறைக்குப் பின் காலையில் வந்து பார்த்தால் கண்ணாடி உச்சிவரை நிறைந்திருக்கும். இரவில் யார் தண்ணீர் விட்டது என்று வாட்ச்மேனைத் திட்டுவார்கள். பாவம், அவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். பாய்லர் ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி தண்ணீராகி வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் ஃபீட் தொட்டியின் தண்ணீரை பம்பு, செக் வால்வு எல்லாவற்றையும் தாண்டி இழுத்துக்கொள்கிறது. செக் வால்வு எதிர்த்திசையைத் தடுக்குமே தவிர இந்தத் திசையைத் தடுக்காது. பாய்லரை நிறுத்தும்போது ஃபீட் வால்வைக் கையால் மூடிவிடுங்கள். அழுத்தம் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்ததும் மேலே உள்ள ஏர் வென்ட்டைத் திறந்துவிடுங்கள். நிறைந்த பாய்லரை அப்படியே மூட்டினால் நீராவிக் குழாயில் தண்ணீர் ஓடி வளைவுகளில் மோதும். ஆதரவுக் கம்பி பிய்ந்து குழாய் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் என்ன செய்வது? உடனே பம்பைப் போடத்தான் கை பரபரக்கும். அதுதான் செய்யக் கூடாதது. தண்ணீரை விட்டு வெளியே வந்த உலைத்தகடும் குழாய்களும் பழுக்கச் சூடாகியிருக்கலாம். சுமார் 600 டிகிரியில் சாதாரண எஃகு தன் வலிமையில் பாதியை இழந்துவிடுகிறது. அந்த நிலையில் அதன்மேல் தண்ணீர் பட்டால் தகடு வெடுக்கென்று சுருங்கி விரிசல் விடும், தண்ணீரும் கணத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. விரிசல் வழியாக அழுத்தம் ஒரேயடியாக விழுந்தால், 170 டிகிரியில் காத்திருக்கும் மிச்சத் தண்ணீரும் சேர்ந்து கிளம்பும்.

முதல் வேலை நெருப்பு. எண்ணெய் பாய்லர் என்றால் பட்டனை அழுத்தினால் போதும். எங்கள் பக்கம் சீமைக் கருவேல விறகும் காய்ந்த மாங்கொட்டையும். ஃபேனை நிறுத்தி, காற்று வழியை அடைக்கும் டேம்பரை மூடினாலும் கனல் எரிந்துகொண்டே இருக்கும். அதைக் கிளறி வெளியே இழுக்கப் போனால் ஒரு நொடி சூடு இன்னும் ஏறும். அதனால் ஈரச் சாம்பலோ மணலோ போட்டு மூட வேண்டும். பாய்லர் வாசலில் எப்போதும் மணல் குவியலும் மண்வெட்டியும் இருக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதற்காக. ஃபீட் வேண்டாம். நீராவி வால்வைப் படபடவென்று திறக்கவோ மூடவோ வேண்டாம். சேஃப்டி வால்வு நெம்புகோலைத் தூக்கி அழுத்தத்தை இறக்கப் பார்க்கவும் வேண்டாம். கூடத்தில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, நீங்களும் விலகி, தானாக ஆற விடுங்கள். பிறகு தகுதியுள்ளவர் உள்ளே பார்த்துச் சொல்லும்வரை மூட்டக் கூடாது. ஒரு நாள் உற்பத்தி போகும். காய் அழுகும். முதலாளி கத்துவார். பாய்லர் அறையில் நிற்பவருக்கு அந்தக் கத்தலைத் தாங்கும் தைரியம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியதும் முதலாளிதான்.

உலையின் உச்சியில் ஃபியூசிபிள் பிளக் இருக்கும் பாய்லர்களில், தண்ணீர் விலகினால் அதன் ஈயக் கலவை உருகி நீராவி நெருப்பின்மேல் பாயும். அது கடைசிக் காவல். ‘அடிக்கடி ஒழுகுகிறது’ என்று அந்த இடத்தில் இரும்பு போல்ட் முறுக்கி வைத்திருந்த ஓர் ஆளை நான் திட்டிய திட்டு பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

தருமபுரிப் பக்கத்து நூல் கூடங்களில் வேறு விதமான ஆபத்து. அங்கே பாய்லர் பார்ப்பது பெரும்பாலும் உரிமையாளரோ அவர் வீட்டு ஆளோதான். காக் கசிந்தால் கம்பெனி உதிரி வாங்க அலையாமல், ஹார்டுவேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் பால் வால்வை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். வழக்கமான கேஜ் காக்குகளில் கைப்பிடிகள் மூன்றும் நேராகக் கீழே தொங்கினால் அது வேலை நிலை. மேலும் கீழும் திறந்திருக்கும், வடிகால் மூடியிருக்கும். அதிர்வில் கைப்பிடி தானாக விழுந்தாலும் சரியான நிலைக்கே விழும்படி யோசித்து அமைத்திருக்கிறார்கள். படுக்கைக் குழாயில் மாட்டிய பால் வால்வில் கைப்பிடி கீழே தொங்கினால் மூடிவிட்டது என்று பொருள். வெளியிலிருந்து வரும் அட்டெண்டன்ட் மூன்றும் தொங்குவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார். அங்கே கண்ணாடி பாய்லரோடு தொடர்பே இல்லாமல் நிற்கும். அந்த வால்வின் உள்வளையமும் நீராவிச் சூட்டுக்குச் செய்தது கிடையாது.

இதைச் சொன்னபோது கூடத்து அம்மா ஒருவர், “போன வருடம் ஆய்வுக்கு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லையே தம்பி” என்றார். ஆய்வு முடிந்த பிறகு மாட்டியது என்று அவர் மகன் மெல்ல ஒப்புக்கொண்டான். 1923ஆம் ஆண்டிலிருந்து ஒரு கொதிகலன் சட்டம் இருந்தது, 2025இல் அதன் இடத்துக்குப் புதிய கொதிகலன் சட்டம் வந்துவிட்டது. ஆண்டுச் சான்றிதழ் ஆய்வு நடந்த அன்றைய நிலையைத்தான் காட்டும். மறுநாள் நீங்கள் மாட்டுகிற வால்வை அது பார்க்காது.

மிதவையும் எலெக்ட்ரோடும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ள, மிதவை அறையை வேகமாக வடித்து அலாரம் அடிப்பதைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது தினசரிச் சோதனைக்குச் சரி, சகதியும் வெளியேறும். ஆனால் பாய்லருக்கும் மிதவை அறைக்கும் இடையே வழி அரைகுறையாக அடைத்திருந்தாலும் அந்தச் சோதனையில் அலாரம் அடித்துவிடும். அவ்வப்போது, ஆள் ஒருவர் கண்ணாடி முன்னாலேயே நிற்க, பம்பை நிறுத்தி, குறைந்த நெருப்பில் தண்ணீர் இயல்பாக ஆவியாகி இறங்க விட்டு, எந்த மட்டத்தில் கருவி பம்பை ஓடச் சொல்கிறது, எந்த மட்டத்தில் நெருப்பை வெட்டுகிறது என்று கண்ணாடிக் கூட்டின்மேல் பெயின்டால் குறித்து வைக்க வேண்டும். கண்ணாடியில் மட்டம் மறையும் முன்பே எல்லாம் நடந்துவிட வேண்டும். நடக்கவில்லை என்றால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கலாம்.

லாக் புக் பற்றி ஒரு வார்த்தை. மணிக்கு மணி ‘அரை கிளாஸ், அரை கிளாஸ்’ என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் நிரம்பிய பக்கத்தைக் கண்டால் நான் அதை வாசிப்பதே இல்லை. ‘2.10 மணி, கெட்டில் திறந்தார்கள், மட்டம் ஏறியது, பம்பை நிறுத்தவில்லை’ என்று கோணல் எழுத்தில் எழுதும் ஆளிடம் பாய்லரை ஒப்படைக்கலாம்.

சீசன் முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. பாய்லர் முழுக்க ஆறி, அழுத்தம் போன பிறகு, கேஜின் மேல்வழி கீழ்வழி இரண்டிலும் பிளக்கைக் கழற்றிக் கம்பி விட்டு பாய்லருக்குள் போய்ச் சேரும்வரை குத்திச் சுத்தம் செய்யுங்கள். மிதவை அறையையும் திறந்து சகதியை வாருங்கள். மாற்றுக் கண்ணாடிக் குழாய்களை இப்போதே அளவாக வெட்டி வையுங்கள். சூட்டில் நீளும் என்பதால் இரு முனையிலும் சிறிது இடைவெளி வேண்டும். நெருக்கமாக வெட்டிய குழாயும், கிளாண்டை அளவுக்கு மீறி முறுக்கிய குழாயும் முதல் சூட்டிலேயே தெறிக்கும். நான் ஆலைக்கு இரண்டு குழாய்கள், அவற்றுக்கான ரப்பர் வளையங்கள், ஒரு பென்சில், எல்லாவற்றையும் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டில் போட்டு மூடி, பாய்லர் அறைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வருவேன். அலுவலக அலமாரியில் வைத்தால் நள்ளிரவில் சாவி கிடைக்காது.